கட்டத்துக்குள் வந்த பந்து

1913 டிசம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழின் 'ஃபன்' என்ற ஞாயிறு இணைப்பில் வைர வடிவத்தில் ஒரு புதிர் அச்சாகியிருந்தது. கறுப்புக் கட்டங்கள் கிடையாது. நடுவில் மட்டும் ஒரு வெற்றிடம். உச்சிக்கு அடுத்த வரிசையின் மூன்று கட்டங்களில் 'ஃபன்' என்ற சொல்லை மட்டும் நிரப்பிக் கொடுத்துவிட்டு, 31 குறிப்புகளைப் பக்கத்தில் அடுக்கியிருந்தார் இணைப்பைக் கவனித்துவந்த ஆர்தர் வின். உலகின் முதல் குறுக்கெழுத்துப் புதிர் என்று இன்று எல்லோரும் காட்டுவது இதைத்தான்.

அதன் விடைப்பட்டியலைக் கால்பந்து ரசிகர் யாராவது பார்த்தால் கொஞ்சம் துள்ளுவார். 'டிரா' இருக்கிறது, 'டைட்' இருக்கிறது, 'சைட்' இருக்கிறது. ஆட்டம் வெற்றி தோல்வியில்லாமல் முடிவது, இரு தரப்பும் சமநிலையில் நிற்பது, ஆடும் அணி என்று மூன்றுக்கும் மைதானத்தில் பொருள் உண்டு. ஆனால் வின் கொடுத்த குறிப்புகளோ வேறு. ஓவியர்கள் கற்றுக்கொள்வது, கட்டிப்போடப்பட்டது, ஒருவரோடு ஒத்துப்போவது. பந்து வாசற்படிவரை வந்திருக்கிறது. உள்ளே கூப்பிட ஆளில்லை.

இத்தனைக்கும் வின் பிறந்தது லிவர்பூலில். 1891இல், இருபது வயதை ஒட்டி, அவர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அதே பருவத்தில்தான் அவர் ஊரின் எவர்டன் அணி இங்கிலாந்து லீக் பட்டத்தை முதன்முதலாக வென்றிருந்தது. லிவர்பூல் கிளப் தொடங்கப்படுவதற்கு இன்னும் ஓராண்டு இருந்தது. அப்படிப்பட்ட ஊர்க்காரர் 'டிரா' என்றதும் படம் வரைவதைப் பற்றி எழுதினார் என்றால், காரணம் அவருடைய வாசகர்கள்தான். அன்றைய நியூயார்க்கில் பந்து என்றால் பேஸ்பால். கால்பந்து, குடியேறி வந்த தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடும் விளையாட்டு. குறிப்பு எழுதுகிறவர் எப்போதும் எதிரே உட்கார்ந்திருப்பவர் எதை அறிந்திருப்பார் என்று பார்த்துத்தான் எழுத வேண்டும். கால்பந்தை எப்போது உள்ளே விட்டார்கள், யாரை முதலில் விட்டார்கள் என்று தேடினால், இந்தப் புதிர் எந்தெந்தக் கரையில் இறங்கியது என்ற கதையும் கூடவே வந்துவிடுகிறது.

வின் முதலில் வைத்த பெயர் 'வேர்ட்-கிராஸ்'. சில வாரங்களிலேயே அச்சுக்கோப்பவரின் கைத்தவறுதலில் அது 'கிராஸ்-வேர்ட்' ஆகி, அப்படியே நிலைத்துவிட்டது. பத்தாண்டு வரை அது பெரும்பாலும் அந்த ஒரு நாளிதழின் செல்லப்பிள்ளையாகவே இருந்தது. 1924இல் ரிச்சர்ட் சைமன், மேக்ஸ் ஷுஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் பதிப்பகம் தொடங்கினார்கள். குறுக்கெழுத்துக்கென்று புத்தகம் கிடைக்குமா என்று சைமனின் அத்தை கேட்டதாகச் சொல்வார்கள். புத்தகம் போட்டார்கள், ஆனால் மானம் போய்விடுமோ என்ற பயத்தில் தங்கள் பதிப்பகப் பெயரைப் போடாமல் வேறொரு பெயரில் வெளியிட்டார்கள். ஒவ்வொரு பிரதியோடும் ஒரு பென்சில் இணைத்துக் கொடுத்தார்கள். முதல் அச்சு 3,600 பிரதிகள். ஆண்டு முடிவதற்குள் விற்பனை லட்சங்களைத் தொட்டது. ரயில்களில் பயணிகளுக்காக அகராதி வைத்தார்கள். நூலகங்களில் அகராதிக்கு அடிதடி.

லண்டன் 'டைம்ஸ்' அந்த ஆண்டு இந்தக் கிறுக்கைக் கண்டு அமெரிக்கா அடிமைப்பட்டுவிட்டது என்று கிண்டலடித்தது. 'நியூயார்க் டைம்ஸ்' தன் பங்குக்கு இது வீண் பொழுதுபோக்கு என்று முகம் சுளித்தது. முதல் பத்திரிகை 1930 பிப்ரவரி 1 அன்று சரணடைந்தது. இரண்டாவது, பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பின், போர்ச் செய்திகளுக்கு நடுவே வாசகர் மூச்சுவிட ஏதாவது வேண்டும் என்று 1942 பிப்ரவரி 15 அன்று இறங்கிவந்தது. பிடிவாதக்காரர்கள் கடைசியில் பிடிக்கும் இடம்தான் உறுதியாக இருக்கும் போலிருக்கிறது. இன்று உலகில் அதிகம் பேசப்படும் இரண்டு குறுக்கெழுத்துகள் இவர்களுடையவை.

அட்லாண்டிக்கைத் திரும்பக் கடந்த புதிர் பிரிட்டனில் ஆளே மாறிப்போனது. அங்கே குறிப்புகள் நேராகப் பேசுவதை நிறுத்திக்கொண்டன. 'அப்சர்வர்' இதழுக்குப் புதிர் எழுதிய எட்வர்ட் பாய்ஸ் மேதர்ஸ், ஸ்பானிய மதவிசாரணை அதிகாரியின் பெயரான 'டார்கெமாடா' என்பதைப் புனைபெயராக வைத்துக்கொண்டு வாசகர்களை உண்மையிலேயே சித்திரவதை செய்தார். ஒரு குறிப்பில் பாதி விடையின் பொருள். மீதிப் பாதி அந்த விடையை எழுத்தெழுத்தாகக் கட்டும் வழி. இரண்டுக்கும் நடுவே எங்கே வெட்டுவது என்பதுதான் விளையாட்டு.

கால்பந்துக்கு அதிர்ஷ்டம் அடித்தது இங்கேதான். இரட்டைப் பொருள் கொண்ட சொற்கள் மைதானத்தில் கொட்டிக் கிடந்தன. 'பார்' என்றால் கோல் கம்பத்தின் குறுக்குச்சட்டம், மதுக்கடை, வழக்கறிஞர் கூட்டம். 'சப்' என்றால் மாற்று ஆட்டக்காரர், நீர்மூழ்கிக் கப்பல், சந்தா. 'கிராஸ்' என்றால் ஓரத்திலிருந்து கோல் முகத்துக்கு அனுப்பும் உதை, சிலுவை, கோபம். கிளப்புகளின் பெயர்களோ இன்னும் வசதி. 'ஆர்சனல்' என்பது ஆயுதக் கிடங்கு. வூலிச்சில் அரசு ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் 1886இல் தொடங்கிய கிளப் என்பதால் வந்த பெயர். 'ரீடிங்' என்று எழுதினால் வாசிப்பு. அதே எழுத்துகளை 'ரெடிங்' என்று உச்சரித்தால் ஊர், கிளப். ஒரு குறிப்பில் 'வாசிப்பு' என்ற பொருளில் அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே மதியம் முழுக்க உட்கார்ந்திருக்கலாம். அது பந்தைப் பற்றியது என்று தோன்றவே தோன்றாது.

இதில் மிக அழகானது 'சைட்' தான். வின் தன் முதல் புதிரில் வீணடித்த அதே சொல். அணி என்றால் பதினொரு பேர்; பதினொன்றை ரோமன் எண்ணில் எழுதினால் எக்ஸ், ஐ. ஆகவே பிரிட்டிஷ் குறிப்பில் 'அணி' என்று எங்கே கண்டாலும் அனுபவசாலிகள் அந்த இரண்டு எழுத்துகளை எழுதிப் பார்ப்பார்கள். அங்கே பேச்சுவழக்கில் நன்றிக்கு 'டா' என்பார்கள்: டி, ஏ. நன்றியையும் அணியையும் ஒட்டவைத்தால் டி, ஏ, எக்ஸ், ஐ. டாக்ஸி. 'நன்றி சொன்ன அணிக்கு வாடகை வண்டி' என்று குறிப்புக் கொடுத்தால், ஏதோ தோற்ற அணி வீட்டுக்குக் கிளம்புகிற காட்சிதான் கண்ணில் வரும். பொய்க் காட்சியைக் கண்முன் காட்டிக்கொண்டே உண்மையை எழுத்துக்கு எழுத்து ஒளிக்காமல் சொல்வதுதான் அந்த ஊர்க் கலை.

இப்படிப் புதிர் எழுதியவர்களில் நிஜமாகவே பந்தை உதைத்த ஒருவர் இருந்தார். லெனர்ட் டாவ். 'டெய்லி டெலிகிராஃப்' 1925 ஜூலை 30 அன்று குறுக்கெழுத்தைத் தொடங்கியபோது அதை அமைத்தவர் அவர். 1963இல் இறக்கும்வரை விடவில்லை. தொழிலால் அவர் ஒரு பள்ளித் தலைமையாசிரியர். அதற்கு முன்பு, இளமையில், சம்பளம் வாங்காத அமெச்சூர் ஆட்டக்காரராக சவுத்தாம்ப்டன் அணியில் ஆடியிருக்கிறார். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிரிட்டன் கால்பந்துக் குழுவோடு போனவர். ஆட்டத்தில் இறங்கும் வாய்ப்பு மட்டும் கிடைக்கவில்லை. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டே ஆடியவர் என்பது கூடுதல் செய்தி. அன்றைய பந்து, மழையில் நனைந்தால் கனம் ஏறும் தடித்த தோல் பந்து. கண்ணாடியோடு அதைத் தலையால் முட்ட யோசித்துப் பாருங்கள்.

இவர் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது பந்தால் அல்ல, 1944 மே மாதத்தால். நார்மண்டியில் நேசப்படைகள் தரையிறங்கப்போகும் ரகசியத் திட்டம் இறுதிக்கட்டத்தில் இருந்தது. மே 2 அன்று டெலிகிராஃப் புதிரில் அமெரிக்க மாநிலம் ஒன்று விடையாக வந்தது: யூட்டா. தரையிறங்கும் கடற்கரைகளில் ஒன்றின் ரகசியப் பெயர். மே 22 அன்று இன்னொரு கடற்கரை, ஒமாஹா. மே 27 அன்று 'ஓவர்லார்ட்', அதாவது முழுத் திட்டத்தின் பெயரே. மே 30 அன்று 'மல்பெரி', செயற்கைத் துறைமுகங்களுக்கு வைத்த பெயர். ஜூன் 1 அன்று 'நெப்டியூன்', கடற்படை நடவடிக்கையின் பெயர். தரையிறக்கம் நடந்தது ஜூன் 6.

உளவுத்துறை அதிகாரிகள் டாவைத் தேடி வந்து துருவித் துருவிக் கேட்டார்கள். பாவம், மனிதருக்கு ஒன்றும் தெரியாது. பல ஆண்டுகள் கழித்து 1984இல் அவருடைய பழைய மாணவர் ஒருவர் ஒரு விளக்கம் சொன்னார். போர்க்காலத்தில் பள்ளி லண்டனிலிருந்து சரே மாவட்டத்தின் எஃபிங்ஹாமுக்கு இடம்மாறியிருந்தது. தலைமையாசிரியர் வெற்றுக் கட்டங்களைப் பையன்களிடம் கொடுத்துச் சொற்களை நிரப்பச் சொல்வார். பிறகு அந்தச் சொற்களுக்குத் தான் குறிப்பு எழுதிக்கொள்வார். பக்கத்தில் படைமுகாம். அங்கே சுற்றித்திரிந்த பையன்கள் சிப்பாய்கள் வாயில் அடிபட்ட சொற்களைக் கொண்டுவந்து கட்டத்தில் போட்டார்கள் என்பது அவர் சொன்னது. எல்லா மர்மங்களையும் இது தீர்க்கிறதா என்று இன்னும் சண்டை போடுகிறவர்கள் உண்டு. எனக்கு இந்த விளக்கம் பிடித்திருக்கிறது. எந்தத் தலைமையாசிரியரும் தன் வேலையில் பாதியைப் பையன்கள் தலையில் கட்டுவார் என்பதை நம்புவதற்கு ஆதாரம் தேவையில்லை.

பிரிட்டனில் கால்பந்துச் சொற்கள் மாறுவேடத்தில் உலாவ, அமெரிக்காவில் கதை வேறு திசையில் போனது. அங்கே குறிப்புகள் நேரடியாகவே நின்றன, இறுகியது கட்டம்தான். 'நியூயார்க் டைம்ஸ்' புதிரின் முதல் ஆசிரியரான மார்கரெட் ஃபாரர் வகுத்த விதிகள் இன்றும் ஆட்சி செய்கின்றன. கட்டத்தைத் தலைகீழாகத் திருப்பினாலும் கறுப்பு வெள்ளை வடிவம் மாறக்கூடாது. இரண்டெழுத்து விடை கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஒவ்வொரு எழுத்தும் குறுக்கே ஒரு சொல்லிலும் நெடுக்கே ஒரு சொல்லிலும் இடம்பெற வேண்டும். பிரிட்டிஷ் கட்டத்தில் ஒரு சொல்லின் பாதி எழுத்துகள் யாருடனும் சேராமல் தனியே நிற்கலாம். அமெரிக்காவில் அந்தச் சலுகை இல்லை.

இந்த விதிதான் விளையாட்டு வீரர்களின் தலையெழுத்தை எழுதியது. எல்லா எழுத்தும் இருபக்கமும் பிணைய வேண்டுமென்றால், உயிரெழுத்து நிறைந்த குட்டிச் சொற்கள் மூலைமுடுக்கெல்லாம் வேண்டும். அப்படிக் கட்டத்துக்குள் போனவர்தான் பேஸ்பாலின் மெல் ஆட்: ஓ, டி, டி. 511 ஹோம் ரன் அடித்தவர், 1958இல் இறந்தும்போனார், அவருடைய ஆட்டத்தைப் பார்த்திராத தலைமுறைகள் இன்றும் பென்சிலால் அவரை எழுதிக்கொண்டிருக்கின்றன. அலூ சகோதரர்கள் மூவர், நான்கெழுத்தில் மூன்று உயிர். கோல்ஃப் ஆட்டக்காரர் எர்னி எல்ஸ், மூன்றெழுத்து. ஐஸ் ஹாக்கியின் பாபி ஓர். அங்கே உருட்டுவது பந்தல்ல, தட்டை ரப்பர் வில்லை. ஆனாலும் ஓ, ஆர், ஆர் என்ற அந்த மூன்றெழுத்தை எந்தப் புதிர்க்காரர் விடுவார்?

கால்பந்திலிருந்து அந்த வாசலில் நுழைந்தவர் பெலே. பி, ஈ, எல், ஈ. மெய், உயிர், மெய், உயிர் என்று மாறிமாறி வரும் நான்கெழுத்து; எல்லாமே சாதாரண எழுத்துகள். புதிர் அமைப்பவர் கும்பிட்டுக் கேட்டாலும் இப்படிப்பட்ட பெயர் கிடைக்காது. ஹவாய்த் தீவுகளின் எரிமலைத் தெய்வத்துக்கும் இதே பெயர் என்பதால், ஒருநாள் கால்பந்து, ஒருநாள் எரிமலை என்று குறிப்பை மாற்றி மாற்றிப் போடலாம்.

பெயர் மட்டும் இருந்தால் போதாது. வாசகருக்கு ஆளைத் தெரிய வேண்டுமே. அதற்கும் வழி பிறந்தது. பிரேசிலுக்கு 1958, 1962, 1970 என மூன்று உலகக் கோப்பைகளை வென்றுகொடுத்தவர், 1975இல் நியூயார்க் காஸ்மோஸ் அணிக்கு ஆட வந்தார். ஜூன் 15 அன்று ராண்டல்ஸ் தீவு மைதானத்தில் டல்லஸ் அணியோடு முதல் ஆட்டம், 2-2. 1977 செப்டம்பரில் காஸ்மோஸ் அணி கொல்கத்தா வந்து ஈடன் கார்டனில் மோகன் பகானோடு ஆடியதும் 2-2 தான். ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 1 அன்று, நியூயார்க்குக்குப் பக்கத்திலேயே கடைசி ஆட்டம். முதல் பாதியில் காஸ்மோஸுக்கும் இரண்டாம் பாதியில் தன் பழைய சாண்டோஸ் அணிக்கும் ஆடினார். லிவர்பூல்காரர் ஒருவர் கொண்டுபோய் வைத்த கட்டத்துக்குள் கால்பந்து கடைசியில் நுழைந்தது சாண்டோஸ் வழியாக.

மரடோனா? எட்டெழுத்து. மெய்யும் உயிருமாக மாறிமாறி வரும் அருமையான எட்டெழுத்துதான். ஆனால் நீளச் சொல்லுக்கான இடம் ஒரு கட்டத்தில் ஒன்றோ இரண்டோ. நான்கெழுத்துக்கோ இருபது இடம். எழுத்துகளின் கணக்கில்தான் அங்கே தேர்வு. ஆட்டத்தின் கணக்கில் அல்ல. இதற்கு ஃப்ரெடி ஆடுவைவிட நல்ல சாட்சி கிடையாது. கானாவில் பிறந்து, 14 வயதிலேயே அமெரிக்கத் தொழில்முறை லீக்கில் 2004இல் களமிறங்கிய பையன். அடுத்த பெலே என்றார்கள். அது நடக்கவில்லை, கிளப் கிளப்பாக, நாடு நாடாக அலைந்தார். ஆனால் அவருடைய குடும்பப் பெயர் ஏ, டி, யு. ஆட்டத்தில் நிலைக்காவிட்டாலும் கட்டத்தில் நிலைத்துவிட்டார்.

பெலே 2022 டிசம்பர் 29 அன்று காலமானார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் பிரேசிலின் மிக்காயலிஸ் அகராதி 'பெலே' என்பதை ஒப்பற்ற, தனித்துவமான என்று பொருள்படும் பெயரடையாகச் சேர்த்துக்கொண்டது. ஒன்றேகால் லட்சம் பேர் கையெழுத்திட்டுக் கேட்டிருந்தார்கள். குறுக்கெழுத்துக்காரர்கள் அதற்குப் பல பத்தாண்டு முன்பே அவரைச் சொல்லாக்கிவிட்டார்கள், எந்த மனுவும் இல்லாமல்.

இந்தியாவில் புதிர் பணத்தோடு சேர்ந்து சீரழிந்தது. ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா என்பவர் பெங்களூரிலிருந்து 'ஸ்போர்ட்டிங் ஸ்டார்' என்ற பத்திரிகையை நடத்தினார். பெயரில் விளையாட்டு, பக்கங்களில் பரிசுப் போட்டி. பம்பாய் மாகாணத்தில் கூப்பன்கள் மலைமலையாகக் குவிந்தன. அந்தப் போட்டிகளின் சூட்சுமம் இதுதான்: ஒரு குறிப்புக்கு இரண்டு சொற்கள் சமமாகப் பொருந்தும், எது 'சரி' என்பது முன்கூட்டியே உறையிலிட்டு முத்திரை வைக்கப்பட்டிருக்கும். உதாரணத்துக்கு நானே ஒன்று சொல்கிறேன். 'ஆட்டத்தில் இது இல்லாவிட்டால் பார்ப்பவர் எழுந்து போய்விடுவார்' என்று குறிப்பு. கட்டத்தில் யு, என் என்ற இரு எழுத்துகள் தயாராக இருக்கின்றன. ரன்னா, ஃபன்னா? இரண்டும் சரி. அறிவு இதற்குமேல் உதவாது. உறைக்குள் இருப்பதை ஊகிக்க வேண்டியதுதான். 1957இல் உச்ச நீதிமன்றம் இதைச் சூதாட்டம் என்றே தீர்த்தது. 1955ஆம் ஆண்டுப் பரிசுப் போட்டிகள் சட்டம், திறமையைச் சாராத இத்தகைய போட்டிகளின் மாதாந்தரப் பரிசை 1000 ரூபாய்க்குள் அடக்கியிருந்தது. அதுவும் செல்லும் என்றது. அத்தோடு கூப்பன் காய்ச்சல் இறங்கியது.

தமிழ்க் கட்டத்துக்கு வந்தால் இந்தக் கணக்குகள் எல்லாம் கவிழ்ந்துவிடுகின்றன. அமெரிக்காவில் நான்கு கட்டம் பிடித்த பெலே இங்கே இரண்டே கட்டம்: பெ, லே. மெஸ்ஸி மூன்று, மரடோனா நான்கு. உயிர்மெய் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுவதால் உயிரெழுத்துப் பஞ்சம் என்ற பேச்சே இல்லை. அதனால் ஆட்டும் ஓரும் எல்ஸும் இங்கே வேலையற்றவர்கள். நம் சிக்கல் புள்ளியில் இருக்கிறது. மெய்யெழுத்துக்கும் தனிக் கட்டம் கொடுக்கிறோம். ஆனால் தமிழ்ச் சொல் மெய்யில் தொடங்காது.

'கால்பந்து' என்ற சொல்லைக் கட்டத்தின் மேல்வரிசையில் போட்டுப் பாருங்கள். கா, ல், ப, ந், து, ஐந்து கட்டம். 'கா'வுக்குக் கீழே காவிரி இறங்கலாம். 'ப'வுக்குக் கீழே படகு. 'து'வுக்குக் கீழே துணி. ஆனால் 'ல்'லுக்குக் கீழே என்ன இறங்கும்? ஒன்றுமில்லை. இங்கேதான் தமிழ் வார இதழ்களின் ஒரு வழக்கம் கைகொடுக்கிறது. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்பதோடு, வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் நம் குறுக்கெழுத்துகளில் குறிப்புகள் வரும். ஆங்கிலப் புதிர் போட்டுப் பழகியவர்கள் இதை ஏமாற்று வேலை என்பார்கள். புள்ளி எழுத்தோடு மல்லுக்கட்டி யாரோ கண்டுபிடித்த தப்பும் வழி இது என்பது என் ஊகம். கீழிருந்து மேலே படிக்கலாம் என்றால் 'ல்' சொல்லின் கடைசியாகிவிடும்: கடல் கீழிருந்து ஏறிவரும். மரடோனாவின் 'டோ'வுக்கு ஆட்டோ ஏறிவரும். மெஸ்ஸியின் 'ஸ்'ஸுக்கு பஸ்.

குறிப்பு எழுதுவதிலும் நமக்குப் பஞ்சமில்லை. 'தாத்தா கையில் இருந்தால் ஊன்றலாம், வலைக்குள் விழுந்தால் ஊரே எழுந்து நிற்கும்' என்று இரண்டு கட்டம் கொடுத்தால், கோல் என்று பள்ளிக்கூடப் பிள்ளையும் எழுதிவிடும். ராஜாவைச் சேர்த்துக்கொண்டால் செங்கோல், அளப்பவரைச் சேர்த்தால் அளவுகோல். ஒரு மாதத்துக்கு ஓட்டலாம்.

மிச்சம் இருப்பது அந்த 'ந்' தான். அதில் தொடங்குகிற சொல் இல்லை. முடிகிற சொல்லும் இன்றைய வழக்கில் இல்லை. மேலிருந்து கீழும் போகாது, கீழிருந்து மேலும் வராது. சொல்லின் நடுவில் வைக்கலாம் என்றால் மேலே ஒரு வரிசை வேண்டும், அடுத்த கட்டத்தில் பெரும்பாலும் 'த' வரிசை எழுத்தோ 'ந' வரிசை எழுத்தோதான் வர வேண்டும்: சந்தை, பொந்து, வெந்நீர். ஆகவே கால்பந்தை முதல் வரிசையில்தான் வைப்பேன் என்று அடம்பிடிக்கிறவர், நான்காவது கட்டத்துக்கு நேர் கீழே ஒரு கறுப்புக் கட்டத்தைப் போட்டுவிட்டு அடுத்த குறிப்புக்குப் போக வேண்டியதுதான்.